25 சொற்களுக்குள் எழுதப்பட்ட அன்பு: போர்க்கால யூதக் குடும்பக் கடிதங்களைப் படிக்கும் முறை

1938 டிசம்பரிலிருந்து மறு ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூளும் வரை, நாஜிகளின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதர்கள், பெற்றோரைப் பிரிந்து பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வந்த கடிதங்கள் பல இன்று ஆவணக்காப்பகங்களில் உள்ளன. அவற்றைப் படிக்க முனைபவர் வாசகத்துக்கு முன் தேதியையும், கடிதம் வந்த வழியையும் பார்க்க வேண்டும்.

போருக்கு முந்தைய கடிதங்கள் பக்கம் பக்கமாக நீளும். போர் தொடங்கியதும் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் இடையே நேரடித் தபால் நின்றுபோனது. அதன் பின் நடுநிலை நாட்டு உறவினர் வழியாகவோ, செஞ்சிலுவைச் சங்கப் படிவத்திலோதான் எழுத முடிந்தது. அந்தப் படிவத்தில் அதிகபட்சம் 25 சொற்கள், அதுவும் குடும்பச் செய்தி மட்டும். பதில் அதன் பின்பக்கத்திலேயே எழுதப்பட்டது. ஜெனிவா வழியாகப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனதால், எழுதிய நாள், முத்திரைகளின் நாள், பதில் எழுதிய நாள் மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ‘நலமாக இருக்கிறோம்’ என்ற வரி மகளின் கையில் கிடைத்தபோது தாயின் நிலை முற்றிலும் மாறியிருக்கலாம்.

தாயின் பெயருடன் ‘சாரா’ என்றோ தந்தையின் பெயருடன் ‘இஸ்ரேல்’ என்றோ இருந்தால், அது பெற்றோர் வைத்த பெயர் என்று கொள்ள வேண்டாம். 1939 ஜனவரி முதல் ஜெர்மானிய அரசு யூதர்கள்மீது திணித்தது அது.

மிகுந்த கவனம் வேண்டிய சொல் ‘பயணம்’. 1941 அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து யூதர்களைக் கிழக்கே நாடுகடத்துவது பெருமளவில் தொடங்கியபின், ‘பயணம் புறப்படுகிறோம்’ என்பது பெரும்பாலும் அதையே குறித்தது. ஆயினும் மொழிபெயர்ப்பில் ‘பயணம்’ என்றே விடுங்கள். விளக்கம் அடிக்குறிப்பில் இருக்கட்டும். போய்ச் சேரும் இடம் எழுதியவருக்கே தெரியாதிருந்திருக்கலாம். நமக்குத் தெரிந்ததை அவர் வாயில் வைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். தமிழ் சொற்களைச் சேர்த்தெழுதும் மொழி என்பதால், மூலத்தில் எத்தனை சொற்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். இல்லையேல் அந்த நெருக்கடி வாசகருக்குப் புலப்படாது.

முகாமிலிருந்து வந்த அட்டைகளில் தேதியைக்கூட நம்ப முடியாது. தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவு கொலைமுகாமுக்கு 1943 செப்டம்பரில் கொண்டுசெல்லப்பட்டவர்களை 1944 மார்ச் தொடக்கத்தில் அட்டைகள் எழுதவைத்து, அவற்றில் அம்மாத இறுதித் தேதியைப் போடச் செய்தார்கள்; மார்ச் 8 இரவிலேயே அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்.

அனுப்பியவரின் பெயரை நாஜிகளால் பாதிக்கப்பட்டோரின் ஆவணங்களைக் காக்கும் ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக்காப்பகத்திலும், இஸ்ரேலிலுள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெமின் பெயர்ப் பதிவுகளிலும் தேடி, கிடைக்கும் நாடுகடத்தல் தேதியைக் கடிதங்களின் வரிசையில் அதற்குரிய இடத்தில் எழுதுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் பிள்ளை அனுப்பிய படிவங்கள் பதிலின்றித் திரும்பி வந்திருந்தால், அவற்றையும் அதே வரிசையில் வையுங்கள்.