நறுமண எண்ணெய்களின் புற்றெதிர்ப்பு ஆற்றல்: ஆய்வுச் செய்தியை எடைபோடுவது எப்படி?

தாவரங்களின் இலை, பூ, பட்டை, பழத்தோல் ஆகியவற்றிலிருந்து நீராவியால் வடித்தோ பிழிந்தோ எடுக்கப்படும் நறுமண எண்ணெய்கள் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதாகச் செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. ஆய்வுக்கூடத்தைப் பொறுத்தவரை அவற்றுள் பலவும் உண்மையே. ஆயினும், எவ்வளவு செறிவில், எந்தச் செல்லின்மீது அந்த விளைவு கிடைத்தது என்ற விவரம் தலைப்புக்கு வருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. அதை மூலக் கட்டுரையில் தேடிப் பிடிப்பதே வாசகர் செய்ய வேண்டிய வேலை.

சோதிக்கப்பட்டது முழு எண்ணெயா, அதிலுள்ள தனிச் சேர்மமா என்பதை முதலில் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் லிமோனீன் என்ற சேர்மம்தான் இருக்கும். ஆனால் தைம் செடியின் எண்ணெயோ, ஒரே இனமாக இருந்தும், ஒரு வகையில் தைமால் மிகுந்தும் இன்னொரு வகையில் லினலூல் மிகுந்தும் அமையும். எனவே சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் முறைகளான வாயு நிறச்சாரல் பிரிகை, நிறை நிறமாலை ஆகியவற்றின் மூலம் கண்டறிந்த சேர்மப் பட்டியலைத் தராத கட்டுரையைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது செல் சோதனை. பெரும்பாலும் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தையே பயன்படுத்துவார்கள்; உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றும், நிறம் குறைந்தால் செல்கள் குறைந்தன என்று கணக்கிடுவார்கள். செல்களின் செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் செறிவே ஐசி50. நிறம் குறைவதற்குச் செல் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை, அதன் வளர்சிதை மாற்றம் மந்தமாகியிருந்தாலே போதும் என்பதால், செல் இறப்பைத் தனியாகக் காட்டும் இன்னொரு சோதனையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலும், இச்சேர்மங்கள் எளிதில் ஆவியாகிவிடும் என்பதால், 96 குழிகள் கொண்ட தட்டில் ஒரு குழியின் ஆவி பக்கத்துக் குழிக்குப் பரவி, மருந்தே இடாத ஒப்பீட்டுச் செல்களையும் பாதிக்கக்கூடும். தட்டை மூடி முத்திரையிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு அந்த ஆய்வின்மீது நம்பிக்கை கூடும். எண்ணெய் நீரில் கரையாததால் சேர்க்கப்படும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு போன்ற கரைப்பானை மட்டும் இட்ட ஒப்பீடும், இயல்பான செல்களை வைத்துச் செய்த சோதனையும் அவசியம். இயல்பான செல்களையும் அதே செறிவில் கொல்லும் பொருளை வெறும் நச்சு என்றே சொல்ல வேண்டும்.

ஐசி50 மதிப்பை உடலின் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று இருந்தால், சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் அச்செறிவை எட்ட 500 மில்லிகிராம் முழுவதும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்க வேண்டும்; உடலிலுள்ள சுமார் 40 லிட்டர் நீரெங்கும் பரவினால் 4 கிராம் தேவைப்படும். அதற்குள் கல்லீரல் சும்மா இருக்காது. லிமோனீனைப் பெரில்லிக் அமிலம் போன்ற வேறு பொருள்களாக மாற்றிக்கொண்டே இருக்கும். தனிச் சேர்மத்தின் ஐசி50 மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால்தான் அது ஆற்றலுள்ளது என்பது ஆய்வாளர்கள் வழக்கமாக மேற்கோள் காட்டும் வரம்பு. நூற்றுக்கணக்கில் எண் வந்தால், தலைப்பு எவ்வளவு உரக்கப் பேசினாலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைவு, ஆனால் கற்றுத்தருபவை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 43 பெண்கள் அறுவை சிகிச்சைக்கு முன் 2 முதல் 6 வாரங்கள் வரை நாள்தோறும் 2 கிராம் லிமோனீன் உட்கொண்டனர்; அது மார்பகத் திசுவில் சேர்ந்தது, செல் பெருக்கத்தைத் தூண்டும் சைக்ளின் டி1 என்ற புரதம் கட்டியில் 22 விழுக்காடு குறைந்தது. ஆனால் நோயாளியின் ஆயுள் நீண்டதா என்பதை அளக்க அமைந்த ஆய்வு அல்ல அது. லிமோனீனின் உறவுச் சேர்மமான பெரில்லில் ஆல்கஹால், எலிகளில் கட்டிகளைச் சுருக்கியபோதும், வாய்வழி மருந்தாகத் தரப்பட்ட மனிதச் சோதனைகளில் குமட்டலையும் சோர்வையும் தந்ததே தவிரப் பெரிய பலன் தரவில்லை. பின்னர் பிரேசிலில், மீண்டும் தோன்றிய மூளைக் கட்டிகளுக்கு மூக்குவழி உறிஞ்சும் மருந்தாக அதைச் சோதித்தார்கள். ஒரே மூலக்கூறு எந்த வழியில் செலுத்தப்படுகிறது என்பதும் முடிவை மாற்றக்கூடும் என்பதால், அந்த விவரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காக ஒரு சேர்மம் தீங்கற்றதாகிவிடாது. சாசஃப்ராஸ் என்ற மரத்தின் எண்ணெயிலுள்ள சாஃப்ரோல் என்ற சேர்மம் எலிகளில் கல்லீரல் கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்கா 1960இல் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. கிராம்பு எண்ணெயை அதிகமாக விழுங்கினால் கல்லீரல் சேதமடையும். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். குமட்டலையோ பதற்றத்தையோ தணிக்க மணத்தை முகர்வது வேறு, புற்றுக்கு மருந்தாக எண்ணெயைக் குடிப்பது வேறு; முன்னதைச் செய்வதானாலும் எண்ணெயின் பெயர், அளவு, பயன்படுத்தும் முறை ஆகியவற்றைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், பின்னதை அவர் அறியாமல் தொடங்கவே கூடாது.