நைட்ரஸ் பொருத்தியவர்கள் எரிபொருள் அழுத்த சுவிட்சை ரிலேயோடு இணையுங்கள்

நைட்ரஸ் என்பது கூடுதல் சக்திக்காக எஞ்சினுக்குள் பெட்ரோலோடு சேர்த்துச் செலுத்தும் வாயு. எரிபொருள் அழுத்தம் குறைந்த நேரத்தில் அது மட்டும் பாய்ந்தால் கலவையில் பெட்ரோல் போதாமல், பிஸ்டன் உருகிவிடும். அதைத் தடுக்கும் சுவிட்சைப் பலர் சோலனாய்டு (நைட்ரஸையும் பெட்ரோலையும் திறந்துவிடும் மின் வால்வு) வயரிலேயே நேராகக் கோத்துவிடுகிறார்கள். அந்த மின்னோட்டத்தை இந்தச் சின்னச் சுவிட்ச் தாங்காது. முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் பாதுகாப்பே போயிற்று.

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச். அதன் 30 எண் முனைக்கு பியூஸ் வழியாக பேட்டரி, 87-லிருந்து சோலனாய்டுகள், 86-க்கு ஆக்ஸிலரேட்டர் முழுதாக அழுத்தப்படும்போது மூடும் சுவிட்ச். 85-ஐ நேரே எர்த் செய்யாமல் அழுத்த சுவிட்ச் வழியாக எர்த் செய்யுங்கள். அழுத்தம் இருந்தால் மட்டுமே மூடும் வகைதான் வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கான சுவிட்சை இன்ஜெக்‌ஷன் வண்டியில் போடாதீர்கள். அது மிகக் குறைந்த அழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும், இருந்தும் பயனில்லை.

சோதிக்கும்போது பாட்டில் வால்வை மூடி, சோலனாய்டு வயர்களையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நின்றிருக்கும் எஞ்சினுக்குள் பெட்ரோல் கொட்டும். பிறகு மல்டிமீட்டரைச் சுவிட்சின் இரு முனைகளிலும் வையுங்கள். பம்ப் ஓடினால் தொடர்பு கிடைக்க வேண்டும். நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றினால் அறுபட வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். அது தெரியாமல் நல்ல சுவிட்சைத் தூக்கி எறிந்தவன் நான்.