ரோட்டுப் புழுதியை முதலில் எடை போடுங்கள், தண்ணீர் லாரி அப்புறம்

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்குப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புகார் போனால் தண்ணீர் லாரி வரும், வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், மறுபடி பறக்கும். எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாமல் தண்ணீர் அடிப்பது வீண் என்பது என் கட்சி.

காற்றில் உள்ள தூசியை அளக்கும் மலிவு விலை லேசர் சென்சாரை இதற்கு நம்பாதீர்கள், சாலைப் புழுதியின் பெரிய துகள்களை அது பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும். சாலையையே அளக்கலாம். வண்டிகளை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, ஒரு லேனில் 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். உள்ளே கிடப்பதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள் (துடைப்பத்தால் மட்டும் கூட்டினால் நமக்கு வேண்டிய நைஸ் தூள்தான் முதலில் பறந்து போகும்). பையை முன்னும் பின்னும் எடை போட மறக்காதீர்கள். பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் 75 மைக்ரான் சல்லடை இருக்கும். அதில் சலித்து, கீழே இறங்கியதை நிறுத்துப் பாருங்கள். 24 கிராம் என்றால், சதுர மீட்டருக்கு 8 கிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஏ.பி.-42 என்ற மாசுக் கணக்குக் கையேட்டின் சூத்திரத்தில் இதைப் போட்டால், ஓடும் வண்டிகளின் சராசரி எடை 20 டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் போனால் 90 கிராம் அளவுக்கு பி.எம். 10 (10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள, மூச்சோடு உள்ளே போகும் துகள்) கிளம்பும்! ரோட்டில் கிடக்கும் தூளைப் பாதியாக்கினால் இதுவும் கிட்டத்தட்ட பாதியாகும்.

சரி, குறைப்பது எப்படி? குவாரி கேட், அங்கிருந்து 200 மீட்டர், 500 மீட்டர் என்று மூன்று இடத்தில் அளங்கள். கேட்டில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருந்தால், டயரில் ஒட்டி வரும் மண்தான் காரணம். கேட்டுக்கு உள்ளேயே டயர் கழுவும் தொட்டியும், வெளியே வரும் வழிக்கு கான்கிரீட்டும் போடச் சொல்லுங்கள். வழி நெடுக ஒரே அளவு என்றால் தார்ப்பாய் இல்லாத லோடையும், சாலை ஓரத்து மண்ணையும் பாருங்கள். ஓரத்துக்கு பேவர் பிளாக் போதும். பெருக்குவதற்கு உறிஞ்சும் வண்டிதான் சரி, வெறும் பிரஷ் வண்டி தூளை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் கடைசியில், மண் மேல் ஊற்றினால் சேறாகி டயரோடு இன்னும் தூரம் போகும்.

அளந்த இடத்துக்கு நேராக ஓரத்தில் பெயின்டால் ஒரு குறி வையுங்கள். மழை விட்டு நாலு நாள் காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடி உறிஞ்சிப் பாருங்கள், அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை லாரி போனது என்றும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.