‘அப்டேட் ஆல்’ பொத்தானை அழுத்துவதற்கு முன்: செயலிகளைப் புதுப்பிக்கவும் புதிதாக நிறுவவும் ஒரு செய்முறை

பிளே ஸ்டோரில் ‘அப்டேட் ஆல்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வேலை முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துபோவதும், பழகிய செயலி ஒரே இரவில் முகம் மாறி நிற்பதும், இடம் போதாமல் பதிவிறக்கம் பாதியில் நின்றுவிடுவதும் பெரும்பாலும் அந்த ஒற்றை அழுத்தலில்தான் தொடங்குகின்றன. ஆகவே எதை, எப்போது, எந்த வரிசையில் புதுப்பிப்பது என்பதை ஆண்ட்ராய்டு திறன்பேசியையும் டேப்லெட்டையும் முன்வைத்து விளக்குகிறேன். பொத்தான்களின் பெயர்களை ஆங்கில அமைப்பில் காண்பது போலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். கருவிக்குக் கருவி சொற்கள் சற்று வேறுபடலாம்.

படி 1: கருவியின் நிலையை அறிதல்

‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘அபவுட் போன்’ அல்லது ‘அபவுட் டேப்லெட்’ என்பதைத் திறந்து ஆண்ட்ராய்டின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளுக்கான ஆதரவைச் செயலிகள் அவ்வப்போது நிறுத்திக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, வாட்ஸ்அப் 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்டு 5.0-க்கு முந்தைய கருவிகளில் இயங்குவதில்லை. பின்பு ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் எவ்வளவு இடம் மீதமுள்ளது என்று பாருங்கள். இடம் குறைவாக இருந்தால், எப்போதாவது மட்டும் பயன்படும் செயலிகளைப் பிளே ஸ்டோரின் ‘ஆர்க்கைவ்’ வசதியால் சுருக்கி வைக்கலாம். 2023-இல் அறிமுகமான இந்த வசதி, செயலியின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு உங்கள் தரவையும் சின்னத்தையும் மட்டும் விட்டுவைக்கும். சின்னத்தைத் தொட்டால் செயலி மீண்டும் இறங்கிவிடும்.

படி 2: வைஃபையில் மட்டும் என்று வரையறுத்தல்

பிளே ஸ்டோரின் மேல் வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் பிரிஃபரன்சஸ்’, ‘ஆட்டோ அப்டேட் ஆப்ஸ்’ என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே ‘ஓவர் வைஃபை ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை அடுத்த படியில் சொல்வதுபோல் கையால் புதுப்பிக்கலாம்.

படி 3: பட்டியலைப் படித்துத் தேர்ந்தெடுத்தல்

மீண்டும் உங்கள் படத்தைத் தொட்டு ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’ பகுதிக்குச் சென்றால், ‘அப்டேட்ஸ் அவைலபிள்’ என்பதன் கீழ் புதுப்பிப்பு வந்துள்ள செயலிகள் வரிசையாக இருக்கும். வங்கிச் செயலி, பணப் பரிமாற்றச் செயலி, உலாவி, செய்திப் பரிமாற்றச் செயலி ஆகியவற்றை உடனே புதுப்பித்துவிடுங்கள். இவற்றில் பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டிருக்கும்போது தாமதிப்பது சரியன்று. படத்தொகுப்பு, விளையாட்டு, குறிப்பெடுத்தல் போன்றவற்றை இரண்டு மூன்று நாள் பொறுத்தே நான் புதுப்பிக்கிறேன். புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்பப் பிளே ஸ்டோரில் வழியில்லை. முன்னரே புதுப்பித்தவர்கள் எழுதும் கருத்துகளைப் படிக்க அந்த இடைவெளி போதும். செயலியின் பெயரைத் தொட்டால் ‘வாட்ஸ் நியூ’ என்ற பகுதியில் மாற்றங்கள் சொல்லப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் அங்கே “பிழைகள் திருத்தப்பட்டன” என்று ஒரே வரியை ஆண்டுக்கணக்கில் எழுதிவருகின்றன என்பது வேறு கதை.

பக்கத்து வீட்டாருக்கு வந்த புதிய வசதி உங்களுக்கு வரவில்லையே என்று குழம்ப வேண்டாம். புதிய பதிப்பை முதலில் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அனுப்பி, சிக்கல் இல்லை என்று உறுதியான பின்னர் மற்றவர்களுக்கும் விரிவாக்குவது செயலி உருவாக்குவோரின் வழக்கம்.

ஐபேட், ஐபோன் வைத்திருப்போர் ‘ஆப் ஸ்டோர்’ சின்னத்தை அழுத்திப் பிடித்து ‘அப்டேட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதே போன்ற பட்டியல் கிடைக்கும்.

படி 4: புதிய செயலியை அடையாளம் கண்டு நிறுவுதல்

தேடல் முடிவுகளில் முதலில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம். ‘ஸ்பான்சர்டு’ என்ற சொல் அருகில் உள்ளதா என்று பாருங்கள். செயலியின் பெயருக்குக் கீழே உருவாக்கியவரின் பெயர் இருக்கும். பெயரும் சின்னமும் ஒத்திருந்து உருவாக்கியவர் பெயர் மட்டும் வேறாக இருந்தால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ‘டேட்டா சேஃப்டி’ என்ற பகுதியில், என்னென்ன தகவல்களைச் செயலி திரட்டுகிறது என்பது இருக்கும். அது உருவாக்கியவரே அளிக்கும் உறுதிமொழி என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். டேப்லெட்டுக்காகத் தேடுவோர் செயலியின் பக்கத்தில் உள்ள திரைப்பிடிப்புகளில் (ஸ்கிரீன்ஷாட்) அகலத் திரையில் எடுத்தவை உள்ளனவா என்று பார்த்தால், அந்தச் செயலி பெரிய திரைக்கென வடிவமைக்கப்பட்டதா, அல்லது போன் வடிவமே பெரிதாக்கப்பட்டதா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்புகளை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழைப்பிதழ் என்பது படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் இருக்கும். ஏபிகே என்பது ஒரு செயலி. தவறி நிறுவிப் பணம் போய்விட்டால், இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைத்துப் புகார் அளிக்க வேண்டும்.

படி 5: அனுமதிகளை அளந்து கொடுத்தல்

ஆண்ட்ராய்டு 6.0 முதல், கேமரா, மைக், இருப்பிடம், தொடர்புகள் போன்றவற்றுக்கான அனுமதியைச் செயலி பயன்பாட்டின்போது தனித்தனியாகக் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல், கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றுக்கு ‘ஒன்லி திஸ் டைம்’ என்று அந்த ஒருமுறைக்கு மட்டும் இசைவு தரவும் முடியும். டார்ச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடலாம். மறுத்ததால் விளக்கு எரியாமல் போகாது. தமிழ் விசைப்பலகைச் செயலிகளை இயக்கும்போது, தட்டச்சு செய்பவை அனைத்தையும் அது சேகரிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வரும். எல்லா விசைப்பலகைகளுக்கும் ஆண்ட்ராய்டு காட்டும் பொதுவான அறிவிப்பு அது. நம்பகமான உருவாக்குநர் என்றால் அஞ்ச வேண்டியதில்லை.

படி 6: ‘பெண்டிங்’ என்று நின்றுவிட்டால்

பெரும்பாலும் வேறொரு செயலி இறங்கிக்கொண்டிருக்கும், அல்லது வைஃபை துண்டிக்கப்பட்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால் கருவியை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘கூகுள் பிளே ஸ்டோர்’, ‘ஸ்டோரேஜ்’ என்று சென்று ‘கிளியர் கேஷ்’ என்பதை மட்டும் அழுத்துங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து, சிக்கிய செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். புதுப்பிப்பு என்பது பழைய பதிப்பின் மேல் படிந்து உங்கள் தரவை அப்படியே வைத்திருக்கும். நீக்குதல் கருவியில் உள்ள தரவையும் சேர்த்து அழித்துவிடும். என் உறவினர் ஒருவர் இப்படி வாட்ஸ்அப்பை நீக்கி, நான்கு ஆண்டு உரையாடல்களை இழந்தார். நீக்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வாட்ஸ்அப்பின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சாட்ஸ்’, ‘சாட் பேக்கப்’ என்பவற்றைத் திறந்து, கடைசியாகக் காப்பு எடுத்த தேதி இன்றையதுதானா என்று பார்த்த பிறகே நீக்குங்கள்.