இட்லியைக் குறைத்தேன், முட்டையைச் சேர்த்தேன்

63 வயதில் எனக்கு எச்பிஏ1சி (கடந்த மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.2 வந்தது, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை என்றார் டாக்டர். பயத்தில் ராத்திரி சாப்பாட்டையே நிறுத்தினேன், எடை இறங்கியது, ஆனால் மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. கொழுப்போடு தசையும் கரைந்திருந்தது, நம் வயதில் அதுதான் ஆபத்து. அப்புறம் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே புரதத்தைக் கூட்டினேன். காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் (ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம்), மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி கெட்டிப் பருப்பு, பொரியல், தயிர், சாயங்காலம் பிஸ்கட் போய் சுண்டல் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் செய்தேன், அதை விட்டால் புரதம் மட்டும் போதாது. ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 5.8, கைப்பிடியைப் பிடிக்காமல் படியும் ஏறுகிறேன்.