பள்ளியை மர மாட்யூல்களால் விரிவாக்கும் முறை

வகுப்பறைகளை மாட்யூல் எனப்படும் பெட்டி போன்ற பகுதிகளாக ஆலையிலேயே மரத்தால் செய்து, லாரியில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கும் முறை ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் புதிதல்ல. ஜூரிச் நகரம் 1998 முதல் பள்ளி வளாகங்களில் இத்தகைய கூடங்களை நிறுவி, தேவை தீர்ந்ததும் கழற்றி வேறு பள்ளிக்கு மாற்றி வருகிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் பணியாளர்கள் பெருகியதால் இடநெருக்கடிக்கு உள்ளான பிராங்க்பர்ட்டின் ஐரோப்பியப் பள்ளியும் 2015-இல் இவ்வழியே விரிவாக்கப்பட்டது.

வரைபடத்துக்கு முன்பே, ஆலையிலிருந்து பள்ளி வாசல்வரை உள்ள வழியை அளந்து பாருங்கள். ஜெர்மானியச் சாலைகளில் 2.55 மீட்டரைத் தாண்டும் சுமைக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், மாட்யூலின் அகலத்தைச் சாலையே தீர்மானிக்கிறது. அனுமதி பெற்று 3 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் உள்ள மூன்று மாட்யூல்களைக் கொண்டுவந்து இடைச்சுவரின்றி இணைத்தால் 81 சதுர மீட்டர் வகுப்பறை கிடைக்கும். கிரேன் நிற்கும் இடத்தையும், அதன் கை மரக்கிளைகளிலோ மின்கம்பிகளிலோ தட்டாமல் சுழலுமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அடுத்ததுதான் கடினம்: ஆலையில் வேலை தொடங்கும் முன் எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். செங்கல் கட்டடத்தில் சுவர் எழுந்தபின் ஒரு பிளக் பாயிண்டை நகர்த்தலாம். இங்கே வயரிங், குழாய், சன்னல் யாவும் ஆலையிலேயே பொருத்தப்படுவதால், தலைமை ஆசிரியரின் தாமதமான யோசனை ஒன்றுகூட பெருஞ்செலவாகிவிடும். ஆகவே ஆசிரியர்களை முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள்.

தீயைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். ஊசியிலை மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் வீதம் கரியாகும் என்பது ஐரோப்பிய வடிவமைப்பு விதியின் கணக்கு. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் கருகினாலும் எஞ்சிய பகுதி சுமையைத் தாங்கும்படி உத்தரத்தின் பருமனைத் தீர்மானிக்கிறார்கள்.

உண்மையான பகை ஈரம். மாட்யூல்களின் திறந்த பக்கங்களை நீர்புகாத் திரையால் மூடியே அனுப்பச் சொல்லுங்கள். அடுக்கிய அன்றே கூரையை மூடும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

மாட்யூல்கள் ஆலையில் உருவாகும்போதே பள்ளியில் அஸ்திவாரம் போட்டுவிடலாம், ஆனால் மட்டம் மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாக இருக்க வேண்டும். மேல்தள மாட்யூலின் தரையும் கீழ்தளத்தின் கூரையும் தனித்தனியாக இருப்பதால் காலடி ஓசை குறையும். இடையே ரப்பர் பட்டை வைத்தால் இன்னும் குறையும். சத்தம் மிகுந்த கிரேன் வேலையைக் கோடை விடுமுறைக்கு ஒதுக்குங்கள். பின்னாளில் கட்டடத்தை இடம்மாற்ற நேர்ந்தால் தேவைப்படும் என்பதால், மூட்டுகளின் படங்களைப் பள்ளி அலுவலகத்திலும் ஒரு படி வைத்திருங்கள்.