கொதிக்கும் தண்ணீரில் உடைவது எந்தப் பிணைப்பு?

பிளஸ் ஒன் உயிரியல் பிள்ளைகளிடம் முதல் வாரமே நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தண்ணீர் கொதிக்கும்போது மேலே வருகிற குமிழிக்குள் என்ன இருக்கிறது? காற்று என்பார்கள் சிலர். நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி நோட்டில் ஒரு பெரிய குமிழியை வரைந்து, உள்ளே ஹைட்ரஜன் என்றும் ஆக்சிஜன் என்றும் தனித்தனியாக எழுதிக் காட்டினாள். வெப்பம் பிணைப்பை உடைக்கும் என்று படித்திருக்கிறாள், சரிதான். எந்தப் பிணைப்பை என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

குமிழிக்குள் இருப்பது நீராவி. ஒரு ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த அதே மூலக்கூறு, ஒன்றும் குலையாமல். இரண்டு வாயுக்களும் நிஜமாகவே பிரிந்து வந்தால், அடுப்புத் தீக்குப் பக்கத்தில் அது வெடிக்கிற கலவை. சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். மேலே போனது குளிர்ந்து மறுபடி தண்ணீராகவே வழிகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு படம் போதும். இரண்டு நீர் மூலக்கூறுகளை வரையுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்ப்பது அழுத்தமான கோடு. அது சகப்பிணைப்பு, எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்வது. ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுப்பதால் அதன் மீது லேசான எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன்கள் மீது லேசான நேர்மின் தன்மையும் வருகின்றன. மூலக்கூறும் நேர்கோடாக இல்லாமல் 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது. இப்போது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனிலிருந்து அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனுக்குப் புள்ளிக்கோடு போடுங்கள். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. பெயரைப் பார்த்துவிட்டு, மூலக்கூறுக்கு உள்ளே இருக்கிற கோட்டில் அந்தப் பெயரை எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அழுத்தக் கோட்டை உடைக்க மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும். புள்ளிக்கோட்டுக்குச் சுமார் 20 போதும். கொதிக்கும்போது அறுபடுவது புள்ளிக்கோடுதான்.

இந்த ஒரு படம் மனதில் நின்றால் உயிரியலில் பாதி இடங்கள் தானாகத் தெளியும். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அங்கே புரதம் அமினோ அமிலங்களாகச் சிதறிவிடவில்லை. அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும் பெப்டைடு பிணைப்புகள் அப்படியே இருக்கின்றன. மடிப்பைத் தாங்கிய வலுவற்ற பிணைப்புகள் விட்டுப்போக, சங்கிலிகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவியில் 95 டிகிரி செல்சியஸ் அளவில் டிஎன்ஏவின் இரண்டு இழைகள் பிரிவதும் இதே கதை. அடினைன்–தைமின் இடையே இரண்டு, குவானைன்–சைட்டோசின் இடையே மூன்று என இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுகின்றன. சர்க்கரை–பாஸ்பேட் முதுகெலும்பு சகப்பிணைப்பு என்பதால் நிற்கிறது.

அப்புறம், வலுவற்றது என்றதும் முக்கியமில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். செல் தன் டிஎன்ஏவைத் திறந்து, படித்து, மூட வேண்டும். எல்லாமே சகப்பிணைப்பாக இருந்தால் அது எப்படி முடியும்? எனக்கு இன்றும் வியப்பு தருகிற இடம் இது.

எண்ணெய் தண்ணீரை விரட்டுகிறது என்று எழுதுவதும் தவறு. நீர்வெறுக்கும் என்ற சொல்லே நம்மை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. வெறுப்பு எதுவும் அங்கே இல்லை. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியில் எண்ணெய்க்கு இடம் கிடைப்பதில்லை, அதனால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. ரசத்தின் மேல் சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் சேர்ந்து பெரிதாவதைச் சும்மா கொஞ்ச நேரம் கவனியுங்கள். செல் சவ்வில் கொழுப்பின் வால்கள் உள்ளே திரும்பி நிற்பதற்கும் காரணம் தண்ணீர்தான்.

அயனியில் வருவது சின்னத் தவறு, ஆனால் மதிப்பெண் போகும். நரம்புக்குள் நுழைவது சோடியம் அணு அல்ல, சோடியம் அயனி, அதாவது ஒரு எலக்ட்ரானை இழந்த சோடியம்: 11 புரோட்டான், 10 எலக்ட்ரான். ஒரே ஒரு எலக்ட்ரான்தானே வித்தியாசம் என்று விடக்கூடாது. சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும், சோடியம் அயனியோ நம் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கரைசலில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்று காட்டும் பிஎச் அளவு மடக்கை அளவு: ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும். 5க்கும் 3க்கும் வித்தியாசம் இரண்டு மடங்கல்ல, 100 மடங்கு. பிஎச் 2 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பிஎச் 4 உள்ளதையும் சம அளவு கலந்தால் சராசரி போட்டு 3 என்று எழுதாதீர்கள். விடை சுமார் 2.3. ரத்தத்தின் பிஎச் 7.4லிருந்து 7.1க்கு இறங்கினால் கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஹைட்ரஜன் அயனி அங்கே இரண்டு மடங்காகியிருக்கும்.

கடைசியாக ஏடிபி, அதாவது செல் ஆற்றலுக்காகப் பயன்படுத்தும் அடினோசின் ட்ரைபாஸ்பேட். அதிலுள்ள பாஸ்பேட் பிணைப்பு உடைவதால் ஆற்றல் வெளிப்படுகிறது என்று வருடா வருடம் எழுதுகிறார்கள். எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றலைச் செலவழித்தாக வேண்டும், ஏடிபிக்கும் அதே விதிதான். தண்ணீர் சேர்ந்து ஏடிபி, ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட்டாகவும் தனி பாஸ்பேட்டாகவும் புதிய பிணைப்புகளோடு பிரியும்போது (இதுதான் நீராற்பகுப்பு), கிடைப்பவை முன்பைவிட நிலையானவை. செலவையும் வரவையும் கழித்துப் பார்த்தால், திட்ட நிலையில் மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல் மிச்சம். 'ஏடிபி நீராற்பகுப்பு அடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது' என்று எழுதுங்கள், அது சரி.